அருவாமனையில ஆரம்பிச்ச ஐஸ் ஹாக்கி

கத்தி நல்லா நறுக்குனா சமைச்சவங்களுக்குப் பேரு. நறுக்கலன்னா சாணை புடிச்சவனுக்குப் பேரு. எங்க தொழிலோட மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

நான் சேதராப்பட்டுல ஒரு கம்பெனி டூல் ரூம்ல கிரைண்டிங் மிஷின் ஓட்டுறேன். இருவத்திரண்டு வருசமாச்சு. பகல்ல மிஷினு, சாயந்தரம் நைட் ஸ்கூலுன்னு ஓடிப் பத்தாவது முடிச்ச ஆளு. ஞாயித்துக்கெழமையானா வில்லியனூர் வூட்டு வாசல்ல கத்தி, அருவாமனை, கத்திரிக்கோலுக்குச் சாணை. இதுக்கு நடுவுல ஒரு பதினோரு நாளு, பதினெட்டு வயசுக்குள்ள இருக்கிற பொண்ணுங்க ஆடுற சர்வதேச ஐஸ் ஹாக்கிப் போட்டிக்கு, நம்ம நாட்டு டீமோட சாணைக்காரனா போயிட்டு வந்தேன்.

சிரிக்கிறவங்க சிரிச்சிடுங்க. எங்க தெருவுல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. ஆனா லேத்து ஓட்டுறவங்க, தையல் மிஷின் மிதிக்கிறவங்க, பிரேக் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுக்கிற மெக்கானிக்குங்க, உங்களுக்கு மட்டும் ஒண்ணு தெரியும். வேல நம்ம கையில இருக்கிற வரைக்கும் பயம் கெடையாது. அது வேற ஒருத்தர் காலுக்கோ கைக்கோ போனப்புறம்தான் பயம் ஆரம்பிக்கும். அந்தப் பயத்தோடயே பதினோரு நாளு ஒரு எடத்துல உக்காராம திரிஞ்சவன் சொல்றேன், கேளுங்க.

வெங்காயம்

வில்லியனூர் மாட வீதியில ரத்தினவேலு அண்ணன் பாத்திரக் கடை வெச்சிருக்காரு. அவரு கடையில விக்கிற அருவாமனைக்கெல்லாம் மொன ஏத்தித் தர்றது நான்தான். அவரோட கடைசிப் பொண்ணு பவித்ரா, பதினொண்ணாவது படிக்குது. மூலக்குளத்துல ஒரு சிமெண்டுத் தரையில சக்கர ஷூ போட்டுகினு ஹாக்கி ஆடும். கோல் கீப்பரு. நல்லா ஆடுதுன்னு பாத்து, ஐஸ் மேல ஆடுற ஹாக்கிக்கு வந்து பழகுன்னு கூப்ட்டாங்க. யாரோ போட்டுத் தள்ளுன பழைய ஐஸ் ஷூ ஒரு ஜோடி கெடச்சுது. சக்கரத்துக்குப் பதிலா அடியில ஒரு நீளத் தகடு, மழுங்கிப் போயி. அண்ணன் அதக் கட்டப் பையில போட்டு, நாலு அருவாமனையோட சேத்து என்கிட்ட அனுப்பிட்டாரு.

அருவாமனையோட சேந்து வந்ததால அதுவும் அருவாமனை ஜாதின்னு நெனச்சுட்டேன். ரெண்டு பக்கமும் சரிச்சு, நடுவுல ஒரே கோடா, முடிய வெச்சா முடி அறுபடுற மாதிரி மொன ஏத்துனேன். என் சர்வீஸ்ல அவ்ளோ சுத்தமா ஒரு வேல செஞ்சதில்ல. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுனேன்.

பொண்ணு அத எடுத்துகினு பெங்களூர்ல ஒரு மால்ல இருக்கிற ஐஸ் தரையில எறங்கியிருக்குது. நிக்க முடியல, திரும்ப முடியல, கணுக்காலு ரெண்டு பக்கமும் ஆடி மூணு தரம் குப்புற விழுந்துருக்குது. அப்புறம்தான் எனக்கு வெவரம் தெரிஞ்சுது. அந்தத் தகட்டுக்குக் கத்தி மொன கூடாது. அடியில நீளவாக்குல சின்னதா ஒரு பள்ளம் இருக்கணும். பள்ளத்தோட ரெண்டு கரையும்தான் மொன. அந்த ரெண்டு கரையில ஏறித்தான் ஆளு நிக்கிறது, திரும்புறது, பிரேக் அடிக்கிறது எல்லாம். நான் பண்ணதுல கரையும் இல்ல, ஆறும் இல்ல. முழங்காலு ரெண்டும் வீங்கி வந்த பொண்ணு, கோவப்பட்டிருந்தா பரவால்ல. ஷூவ எம் முன்னாடி வெச்சிட்டு அமைதியா சொல்லுச்சு.

"வெங்காயம் நறுக்க சூப்பரா இருக்கும், மாமா. எங்கம்மாகிட்ட குடுத்துடட்டா?"

லீவு லெட்டர்

அந்த வெங்காயம் ரெண்டு மாசம் என் தொண்டையில நின்னுச்சு. சாப்பாட்டு நேரத்துல போன்ல வீடியோவாப் பாத்தேன். கிரைண்டிங் கல்லோட ஓரத்த வைரத்தால ஒரசி லேசா உருண்டையா ஆக்கிட்டு, அதுல தகட்ட நீளவாக்குல ஓட்டணும். அப்பதான் பள்ளம் வுழும். ரெண்டு கரையும் ஒரே ஒசரமான்னு பாக்க, மேல ஒரு காசக் குறுக்க வெச்சு, சாயுதான்னு கண்ண இடுக்கிப் பாக்கணும். ஸ்கிராப்பு தகடா ஒரு மூட்டை கெடுத்தப்புறம் கை படிஞ்சுது. பவி மறுபடியும் போயி எறங்கிப் பாத்துட்டு, "நிக்குது மாமா"ன்னு ரெண்டே வார்த்தை மெசேஜ் போட்டுச்சு. அத எங்க டூல் ரூமுல எல்லார்கிட்டயும் காட்டுனேன். யாருக்கும் ஒண்ணும் புரியல.

அப்புறம் டீமுக்கு ஆளு எடுக்கிற கேம்ப்புல அது தேறி, டீமுலயும் பேரு வந்துடுச்சு. டீமுக்கு வழக்கமா மொன ஏத்துற ஆளுக்கு இடுப்பு புடிச்சுகினு, வர முடியாமப் போச்சு. "எங்க ஊர்ல ஒரு மாமா இருக்காரு"ன்னு பவி சொல்லிடுச்சு. மேனேஜர் போன் பண்ணாரு. போட்டி நடக்கிறது பாலைவனத்துல இருக்கிற ஒரு ஊர்ல. மாலுக்குள்ள ஐஸ் தரையாம். எட்டு வருசம் முன்னாடி வெளிநாட்டு வேலைக்குன்னு ஆசப்பட்டு எடுத்த பாஸ்போர்ட்டு, ஒரு சீலு கூட விழாம பீரோவுல கெடந்துச்சு. அதத் தூசி தட்டுனேன். காரணம் எழுதி லீவு லெட்டர் நீட்டுனப்ப, எங்க சூப்பர்வைசர் ரெண்டு தரம் படிச்சாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு மூணாவது தரமும் படிச்சாரு.

"சேகரு, ஒடம்பு சரியில்லன்னே எழுதிக் குடுத்துடேன்பா. இத மேல அனுப்புனா என்னைய டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க."

கண்டிஷன்

கெளம்புறதுக்கு மொத நாளு காலையில கடைக்குப் போனேன். அண்ணன் எவர்சில்வர் குடத்துக்கு வெல ஸ்டிக்கர் ஒட்டிகினு இருந்தாரு. பவி பக்கத்துல நின்னு கட்டை வெரல வெரலால திருகிகினு இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுது, பஞ்சாயத்து ஓடுதுன்னு.

வெவரம் இதான். டீமுல ரெண்டு கோல் கீப்பரு. மொத கீப்பரு டோல்மான்னு ஒரு லடாக் பொண்ணு. நடக்கிறதுக்கு முன்னாடியே உறைஞ்ச குளத்துல சறுக்குன பொண்ணு. பவி ரெண்டாவது. மொத கீப்பருக்கு ஏதாச்சும் ஆனாத்தான் ரெண்டாவது உள்ள எறங்கும். எத்தினியோ டீமுல ரெண்டாவது கீப்பரு முழுப் போட்டியும் உக்காந்தே வூட்டுக்கு வந்துடுமாம். இது அண்ணன் காதுக்கு யாரு மூலமாவோ போயிடுச்சு. அண்ணன் கெட்டவரு இல்லைங்க. மூணு தலைமுறையா கடை. மூத்த ரெண்டு பொண்ணும் கல்யாணமாயிப் போயிட்டாங்க. மிச்சம் இது ஒண்ணுதான். கடைய இது பாத்துக்கும்னு அவருக்கு ஒரு நெனப்பு. ஸ்டிக்கர் ஒட்டுறத நிறுத்தாமலே சொன்னாரு, ஒரு மேட்ச்சாவது உள்ள எறங்கி ஆடணும், எறங்காம வந்தா இத்தோட ஹாக்கி முடிஞ்சுது, பரீட்சை எழுதிட்டு கல்லாவுக்கு வந்துடணும்னு. பவி சரின்னு தலையாட்டுச்சு. வேற என்னா பண்ணும்? நான் நடுவுல ஏதோ சொல்ல வாயத் தொறந்தேன். குடத்த என் கையில குடுத்துட்டாரு.

"உக்கார்றதுக்கு இன்னாத்துக்கு சேகரு ஏரோப்ளேன்? நம்ம கடையிலயே நாலு ஸ்டூல் கீது."

கல்லு

ஏர்போர்ட்டுல பொண்ணுங்களோட மூட்டையெல்லாம் போயிடுச்சு. ஆளுயர மட்டை, தலக்கவசம், மெத்தை மாதிரி காலுக்குக் கட்டுறது, எதையும் யாரும் கேக்கல. என் பெட்டிய மட்டும் ஓரங்கட்டிட்டாங்க. உள்ள சின்ன கிரைண்டிங் மிஷினு, ஆறு கல்லு, குட்டி சுத்தியல், ரிவிட்டு டப்பா, வைர முனை. ஆபீசர் ஒவ்வொண்ணா எடுத்து மேஜையில அடுக்குனாரு. எங்க டூல் ரூமுலகூட அவ்ளோ ஒழுங்கா அடுக்க மாட்டோம்.

நான் வெவரமா சொன்னேன். ஐஸ் மேல சறுக்குற ஷூ, அதுக்கு அடியில தகடு, தகட்டுல பள்ளம், பள்ளத்துக்குக் கரை. அவரு கேட்டுகினே இருந்தாரு. திண்டிவனம் பக்கத்து ஆளாம், பேச்சுலயே தெரிஞ்சுது. கழுத்துல தொங்குன டீம் கார்டப் பாத்தாரு, என் மூஞ்சப் பாத்தாரு, கல்லப் பாத்தாரு. பெட்டிய மூடி, சரக்கோட அனுப்பச் சொல்லி சீட்டு ஒட்டுனாரு.

"நம்மூர்ல ஐஸு சர்பத்துலதான் கீது. அதுக்கே சாணை புடிக்க வெளிநாடு போறீங்க பாரு. போயிட்டு வாங்க."

கதவு

வெளிய நம்ம பாகூர் சித்திர வெயில ரெண்டு மடங்கு பண்ண மாதிரி கொளுத்துது. உள்ள போனா மூக்கு நுனி விறைச்சுப் போவுது. தரைக்குப் பின்னாடி எனக்கு ஒரு சின்ன ரூம் குடுத்தாங்க. இருவது பொண்ணுங்க, இருவது ஜோடி. ஒருத்திக்குப் பள்ளம் ஆழமா வேணும், ஒருத்திக்கு மேலாக வேணும், ஒருத்திக்கு எடது காலு மட்டும் வேற மாதிரி வேணும். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சுகினேன். தெனம் சாயந்தரம் இன்னொரு வேலையும் உண்டு. தகட்ட ஷூவோட புடிச்சிருக்கிற ரிவிட்ட ஒவ்வொண்ணா குட்டி சுத்தியலால தட்டிப் பாக்கணும். "டிங்"னா நல்லா இருக்கு. "டப்"னா லூசு. இத ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவப்படும்.

மொத மேட்ச்சு தோத்தோம். ரெண்டாவதும் தோத்தோம். டோல்மா ஒரு செகண்டு கூட வெளிய வரல. ஆளு அப்புடி ஆடுது. வர்ற கறுப்பு ரப்பர் வட்ட எல்லாம் பாஞ்சு பாஞ்சு தடுக்குது. இதுல பவிக்கு என்னா வேலன்னா, முழு மெத்தையும் கட்டிகினு, கவசம் போட்டுகினு, ஆளு மாத்தும்போது பெஞ்சுக்கு முன்னாடி இருக்கிற சின்னக் கதவத் தொறந்து மூடணும். இருவது பேரு மாறி மாறி உள்ள போறாங்க, வெளிய வர்றாங்க. இது தொறக்குது, மூடுது. நான் பின்னாடி நடந்துகினே இருக்கேன். உக்கார எடம் இருந்துச்சு, ஆனா உக்கார முடியல. மேட்ச்சு முடிஞ்ச அஞ்சாவது நிமிஷம் அண்ணன்கிட்டருந்து போனு. நெட்டுல காட்டுறத கடையிலயே வெச்சுப் பாத்திருக்காரு. "எறங்குனாளா?"ன்னாரு. இல்லண்ணா, கதவாண்ட நிக்குது, அதுவும் முக்கியமான வேலதான்னு இழுத்தேன்.

"கதவு தொறந்து வுடுற வேலைக்கு அவ்ளோ தூரமா? நம்ம கடைக்கு ஷட்டரே நாந்தான்டா தூக்குறேன்."

டோல்மாவோட ஷூ

இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். உங்களுக்கும் இப்புடி ஒரு நேரம் வந்திருக்கும், அதனால எழுதிடுறேன். மூணாவது மேட்ச்சு அன்னிக்கு காலையில டோல்மாவோட ஷூ என் மிஷின்ல இருக்குது. ஒரு கரைய ஒரு முடி அளவு இறக்கி வுட்டாப் போதும். வெளிய பாத்தா யாருக்கும் தெரியாது. ஆடும்போது காலு இழுக்கும், பொண்ணு தடுமாறும், கோச்சு மாத்துவாங்க. பவி எறங்கும். கையில ஷூவப் புடிச்சுகினு எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. கல்லு மட்டும் சும்மா சுத்திகினே இருந்துச்சு.

அப்புறம் செஞ்சேன். ஒழுங்காத்தான் செஞ்சேன். காச வெச்சு மூணு தரம் பாத்தேன், நாலாவது தரம் வேற காச வெச்சுப் பாத்தேன். அவ்ளோ சமமா என் வாழ்க்கையில எதுவும் நின்னதில்ல. ரெண்டு பொண்ணும் ஷூ வாங்க வந்துச்சுங்க. டோல்மா நகத்தால கரைய ஒரசிப் பாத்துட்டு இந்தியில ஏதோ சொல்லுச்சு. எனக்கு இந்தி வராது. பவிதான் தமிழ்ல சொல்லும். இது வரைக்கும் புடிச்சதுலயே இன்னிக்குத்தான் பெஸ்ட்டாம் மாமான்னுச்சு. நான் கல்ல நிறுத்திட்டு வேற பக்கம் பாத்தேன்.  டோல்மா போனப்புறம் பவி மட்டும் கதவாண்ட நின்னுச்சு.

"ஏன் மாமா இப்புடி முழிக்கிறீங்க? தப்பு ஏதாச்சும் பண்ணிட்டீங்களா, இல்ல பண்ணாம வுட்டுட்டீங்களா?"

பொரி கடலை

அந்த மேட்ச்சு ஜெயிச்சோம். டோல்மா மலை மாதிரி நின்னுச்சு. பொண்ணுங்கல்லாம் குதிக்குதுங்க. பவியும் குதிச்சுது, அந்தக் கதவாண்டயே. மிச்சம் ஒரே ஒரு மேட்ச்சு. நடுவுல ஒரு நாள் லீவு. அந்த லீவு அன்னிக்கு நம்மூர்ல ஆயுத பூஜை.

எங்க டூல் ரூமுல ஆயுத பூஜைன்னா, மிஷினுக்குப் பொட்டு வெச்சதும் யாரும் கை வெக்க மாட்டோம். ஒரு ஸ்பேனரக் கூட எடுக்க மாட்டோம். அடுத்த நாளு காலையில பூஜையிலருந்து எடுத்து வெச்ச அப்புறம்தான் வேல. இருவத்திரண்டு வருசத்துல ஒரு தரமும் மீறுனதில்ல. வெளிநாடு வந்தா மட்டும் வுட்டுடவா முடியும்? அந்த ஊர்ல தமிழ்க் கடையிலயே பொரி, கடல, வெல்லம், எலுமிச்சம்பழம் எல்லாம் கெடச்சுது. கல்லு, சுத்தியல், வைர முனை, மிஷினு, இருவது ஜோடி ஷூ எல்லாத்தையும் வரிசையா வெச்சு சந்தனம் குங்குமம் வெச்சேன். பொண்ணுங்க எல்லாம் கூடிடுச்சுங்க. டோல்மாவுக்கு அந்தக் குங்குமம் ரொம்பப் புடிச்சுப் போச்சு. என் ஷூவுக்கு இன்னும் பெருசா, இன்னும் பெருசான்னு கையக் காட்டிக் காட்டி, குதிகாலு பக்கம் அப்பளம் சைசுக்கு ஒண்ணு வெக்க வுட்டுச்சு.

கற்பூரம் ஏத்த தீப்பெட்டிய எடுத்தேன். ஐஸ் தரையப் பாத்துக்கிற சாஜின்னு ஒரு மலையாளத்து ஆளு ஓடி வந்து என் கையப் புடிச்சாரு. மேல கூரையில இருக்கிற பொகை அலாரம் குமிழக் காட்டுனாரு.

"அண்ணே, கற்பூரம் வேண்டாம். அது அடிச்சா மொத்த மாலும் தெருவுல நிக்கும். சாமி மட்டும்தான் உள்ள இருக்கும்."

செவப்பு

கற்பூரம் இல்லாமலே பூஜை முடிஞ்சுது. சாயந்தரம் ஆச்சு. ரிவிட்டு தட்டிப் பாக்குற நேரம். சுத்தியல் பூஜையில கெடக்குது. நான் எடுக்கல. காலையில எடுத்து வெச்சதும் தட்டிடலாம்னு இருந்தேன். காலையில பாத்தா பஸ்ஸு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிக்குது. பயிற்சி நேரத்த மாத்திட்டாங்களாம், அது முடிஞ்ச கையோட மேட்ச்சாம். தகட்டுல இருந்த பொட்ட மட்டும் துணியால தொடச்சி ஷூவக் குடுத்தேன். தட்டல. எனக்குத் தெரியும் தட்டலன்னு. அந்த மேட்ச்சு பூரா என் காதுல ஒரு "டப்" கேட்டுகினே இருந்துச்சு.

எதிர்ல வெள்ளச் சட்டை டீமு. ஆளுங்களும் ஒசரம், ஆட்டமும் ஒசரம். மூணு பாகத்துல ரெண்டாவது நடக்குது, நாங்க அஞ்சு கோலு பின்னாடி. திடீர்னு விசிலு. நடுவர் அம்மா கைய ஒசத்தி எல்லாரையும் நிறுத்திட்டாங்க. கோலுக்கு முன்னாடி ஐஸ் மேல செவப்பா ஒரு நீள இழுப்பு. அந்த ஆட்டத்துல ஐஸ்ல ரத்தம் பட்டா நிறுத்திடணும், யாருக்கு அடின்னு பாத்தாகணும். டோல்மாவ உக்கார வெச்சு காலப் பாக்குறாங்க. காலு நல்லா இருக்கு. ரத்தம் மட்டும் இருக்கு. எனக்கு அப்பதான் வெளங்குச்சு. அது நான் வெச்ச குங்குமம்! ஷூவுல அப்பிகினு இருந்தது, ஈரம் பட்டு ஒழுகி வருது.

கதவாண்ட நின்ன பவி எனக்குக் கதவத் தொறந்து வுட்டுச்சு. இருவது ஜோடிக்கு மொன ஏத்துனவன், கேன்வாஸ் ஷூவோட மொதத் தரமா ஐஸ்ல கால் வெச்சேன். வாத்து மாதிரி நடந்து, கடைசி ரெண்டு அடிய உக்காந்தே போயி சேந்தேன். மொழி தெரியாது. அந்தச் செவப்ப வெரலால தொட்டு என் நெத்தியில வெச்சுகினு கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்சம் தமிழ் வர்ற கோச்சு மேடம் இங்கிலீஷ்ல வெளக்குனாங்க. நடுவர் அம்மா என் நெத்தியப் பாத்தாங்க, ஷூவப் பாத்தாங்க, ஷூவத் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் கேட்டத கோச்சு மேடம் எனக்குச் சொன்னாங்க.

"ரத்தம் இல்ல, ஒத்துக்குறாங்க. ஆனா இங்க ரெண்டு ரிவிட்டு காணோமே, அது எங்கன்னு கேக்குறாங்க."

லேஸு

ரெண்டு ரிவிட்டு போயி, தகடு ஒரு பக்கம் வாயப் பொளந்துகினு நிக்குது. இன்னும் ரெண்டு தரம் பாஞ்சிருந்தா டோல்மாவோட கணுக்காலு போயிருக்கும். நேத்து தட்டிப் பாக்கல மேடம், என் தப்புன்னேன். அத அப்புறம் பேசலாம், எத்தினி நிமிஷம்னாங்க. நாலு நிமிஷம்னேன். அவங்க பெஞ்சுப் பக்கம் திரும்பி, "பவித்ரா"ன்னாங்க. பவி கதவ மூடிட்டு உள்ள போச்சு. அந்தப் பக்கம் நின்னு மூடுனது அதான் மொதத் தரம்.

என் ரூமு, மேட்ச்சு பாக்குறவங்க உக்கார்ற எடத்துக்குக் கீழ. அங்கருந்து ஒண்ணும் தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். டோல்மாவ ஒரு பெஞ்சுல உக்கார வெச்சு, பழைய ரிவிட்ட நோண்டி எடுக்குறேன். எடுத்தவொடனே மேல பீப்பீன்னு ஹாரன். கோலு. மொத அடியே உள்ள போயிடுச்சு. நான் புது ரிவிட்ட எடுத்து ஓட்டையில வெச்சேன். அப்புறம் "பொத்". வட்டு மெத்தையில பட்டா அந்தச் சத்தம்தான் வரும். மறுபடியும் "பொத்". டோல்மா ஒரு வெரல நீட்டுச்சு, ரெண்டு வெரல நீட்டுச்சு. "பொத்", மூணு. ஹாரன் வரல. நான் ரிவிட்ட அடிக்கிறேன், அது எண்ணிகினே இருக்கு. சரியா நாலு நிமிஷத்துல ஷூ ரெடி. தட்டுனேன், எல்லாமே டிங்கு. இழுக்கல, தாமதம் பண்ணல, அது சத்தியம்.

டோல்மா ஷூவ மாட்டிகினு லேஸக் கோத்துச்சு. பூரா உருவிட்டு மறுபடியும் கோத்துச்சு. ஒரு ஓட்டைய வுட்டுட்டேன்னு சைகை காட்டிட்டு இன்னொரு தரம் உருவுச்சு. பவியோட அப்பா போட்ட கண்டிஷன் டீமுல இருக்கிற இருவது பேருக்கும் தெரியுங்கறது எனக்கு அப்பதான் ஒறச்சுது. கோச்சு மேடம் கதவாண்ட வந்து நின்னாங்க. லேஸப் பாத்தாங்க, மேல கேக்குற "பொத்"தையும் கேட்டாங்க. அப்புடியே திரும்பிப் போயிட்டாங்க. மிச்ச மேட்ச்ச பவிதான் ஆடி முடிச்சுது. டோல்மா பவிகிட்டருந்து பதினோரு நாள்ல கத்துகின தமிழ் கொஞ்சம் இருந்துச்சு. அதுல ஒண்ண எடுத்து வுட்டுச்சு.

"அவசரம் இல்ல, மாமா."

தீர்ப்பு

அந்த மேட்ச்சு தோத்துட்டோம். பவி நின்ன நேரத்துல நாலு கோலு உள்ள போச்சு. தடுத்தது ரெண்டு கை வெரலுக்கும் மேல. ஆனா அன்னிக்கு அண்ணன்கிட்டருந்து போனு வரல. அதான் எனக்கு தூக்கத்தக் கெடுத்துச்சு. ஊருக்கு வந்ததும் மொத ஞாயித்துக்கெழமை நானே கடைக்குப் போனேன். மேட்ச்சு அன்னிக்கு அண்ணன் ஷட்டரப் பாதி இறக்கிட்டு போன்ல பாத்தாருன்னு பக்கத்துப் பூக்கடை அம்மா சொன்னாங்க. தீபாவளி சீசன்ல ஷட்டரு இறங்குனது மாட வீதியிலயே பெரிய செய்தியாம். உள்ள அண்ணன் கல்லாவுல உக்காந்திருந்தாரு. பவி ஸ்டூல்ல உக்காந்து பரீட்சைக்குப் படிச்சுகினு இருந்துச்சு. புஸ்தகம் தலகீழா இருந்துச்சு.

எறங்கி ஆடுச்சு இல்லண்ணான்னு மெதுவா ஆரம்பிச்சேன். அவரு அருவாமனையா எடுத்து எண்ணி கட்டப் பையில போட்டுகினே இருந்தாரு. அந்த நேரம் பாத்து ஒரு அம்மா வந்து இட்லித் தட்டு இருக்கான்னு கேட்டாங்க. பவி தல நிமிராம, "இல்லங்க, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லி அனுப்பிடுச்சு. அண்ணன் தலைக்கு நேர் மேல இட்லித் தட்டு தொங்குது. அவரு மேல பாத்தாரு, பொண்ணப் பாத்தாரு, பையத் தூக்கி என் கையில குடுத்தாரு. மூஞ்சியில சிரிப்பும் இல்ல, கோவமும் இல்ல.

"வந்த கிராக்கிய திருப்பி அனுப்பக் கூடாதுன்னு பதினாறு வருசம் சொல்லி வளத்தேன் சேகரு. அங்க பாத்தா வர்றத எல்லாம் திருப்பி அனுப்புறதுதான் அதுக்கு வேல, இங்கயும் அதையே பண்ணுது. இது கடைக்கு ஆவாது, போயி ஆடட்டும்."

அந்தப் பதினோரு நாள்ல மிச்ச நாளெல்லாம் வுடாம தட்டுன ரிவிட்டப் பத்தி இது வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஒரே ஒரு நாள் தட்டாம வுட்ட ரெண்டு ரிவிட்டுக்கு மட்டும் பவியோட அம்மா வாரா வாரம் கேசரி குடுத்தனுப்புறாங்க.